முதியோர் கல்விக்கு வரும் அரசுப் பணம்: வழி மாறினால் வகுப்பும் மாறும்

சென்ற பொதுக்குழுக் கூட்டம் முடிந்து உறுப்பினர்கள் கலையும் வேளையில், நமது சங்கத்திற்கு நெடுங்காலமாகச் சேலை நெய்து கொடுத்துவரும் அம்மையார் ஒருவர் நம்மை நிறுத்தி ஒன்று கேட்டார். "ஏனுங்க, அந்த எழுத்துப் பள்ளிக்கூடம் நின்னு போச்சே. நாங்க சரியாப் படிக்கலைன்னுதான் நிறுத்திட்டாங்களா?"

அவர் கேட்டது, ஊராட்சி அலுவலகத்தை ஒட்டிய ஓர் அறையில் 2018 மார்ச்சு மாதம் வரை மாலை வேளைகளில் நடந்துவந்த வகுப்பைப் பற்றி. அங்கே அவர் தம் பெயரை எழுதக் கற்றார். நூறு வரை எண்கள் கற்றார். உயிர்மெய் வரிசையில் 'ப' வரை வந்தார். நூல் சிட்டையில் எத்தனை கழி எடுத்தோம் என்பதைத் தாமே படித்துச் சரிபார்க்கும் நிலைக்கு இன்னும் சில மாதங்களே தேவைப்பட்டன. அதற்குள் வகுப்பு நின்றுவிட்டது. ஒன்பது எழுத்து வரிசைகள் மீதியிருக்கின்றன என்று அவர் இன்றும் கணக்கு வைத்திருக்கிறார்.

அவருக்கு நாம் அப்போது சுருக்கமாகவே விடை சொன்னோம். அந்தக் கேள்வியை முழுமையாக ஆராய்வது நம் அனைவருக்கும் பயன் தரும் என்று கருதி, இம்மாதப் பாடத்தை அதற்கென ஒதுக்குகிறோம். முதியோர் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் அரசு எவ்வாறு பணம் தந்துவந்தது, அம்முறை எவ்வெப்போது மாறியது, மாறியபோது வகுப்பறையில் என்ன நேர்ந்தது என்பனவே இப்பாடத்தின் பொருள்.

கூலி முறையும் துணியின் தரமும்

நெசவாளருக்கு இப்பொருளை விளக்குவது எளிது. கூலி கொடுக்கும் முறைக்கும் துணியின் தரத்திற்கும் உள்ள தொடர்பை நம்மைவிட நன்கு அறிந்தவர் எவர்?

மீட்டர் கணக்கில் மட்டுமே கூலி என்றால், தறியில் ஓட்டம் கூடும், ஊடை குறையும், துணி நீளும், ஆனால் சல்லடையாகும். ஆதலால் சங்கம் அங்குலத்திற்கு இத்தனை ஊடை என்று வரையறுக்கிறது. அதைச் சரிபார்க்க ஒருவர் தேவைப்படுகிறார். சரிபார்ப்பு மிகுந்துவிட்டால், நெய்த துணி கிடங்கிலே காத்துக் கிடக்கிறது, கூலி தாமதமாகிறது, வீட்டில் அடுப்பு எரிவதில்லை. மாதச் சம்பளம் என்றாலோ வேறு வகைச் சிக்கல்கள் எழுகின்றன. எம்முறையும் தன்னளவில் முழுக் குற்றமுடையதன்று, எம்முறையும் குற்றமற்றதுமன்று. ஆயின் ஒன்று உறுதி: எதற்குக் கூலி கொடுக்கிறோமோ, அது பெருகும்.

கல்விக்கும் இதுவே விதி. அரசு வகுப்பு நடந்ததற்குப் பணம் தரலாம். பேரியக்கம் ஒன்றை நடத்தப் பணம் தரலாம். தேர்வில் தேறியதற்கும் வேலை கிடைத்ததற்கும் தரலாம். கற்பவர் கையிலேயே பணத்தைத் தந்துவிடவும் செய்யலாம். இந்நான்கு வழிகளையும் முறையே காண்போம்.

முதல் வழி: மையத்திற்கு மானியம்

1967-68 ஆம் ஆண்டில், புதிய உயர்விளைச்சல் விதைகள் வயலுக்கு வந்த காலத்தில், உழவர்க்கான செயல்முறை எழுத்தறிவுத் திட்டம் தொடங்கியது. மைய அரசின் வேளாண்மை, கல்வி, செய்தி ஒலிபரப்பு ஆகிய மூன்று துறைகளும் அதில் இணைந்தன. உழவருக்குப் பயிற்சி, எழுத்தறிவு, பண்ணை வானொலி என மூன்றும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்பது அதன் கருத்து. உர மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்க இயலாதவருக்குப் புதிய விதை முழுப்பயன் தராது என்ற உண்மையை அத்திட்டம் ஏற்றுக்கொண்டது.

அதன்பின் 1978 அக்டோபர் 2 ஆம் நாள் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. 15 முதல் 35 வயதுக்குட்பட்ட எழுத்தறியாதார் பத்துக் கோடிப் பேருக்கு ஐந்தாண்டுகளில் கல்வி தருவது அதன் நோக்கம். ஒரு மையத்தில் சுமார் முப்பது பேர். பத்து மாத காலம் வகுப்பு. சொல்லிக்கொடுப்பவருக்கு மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். தொண்டு நிறுவனங்கள் பலவும் மானியம் பெற்று மையங்களை நடத்தின.

கணக்கைப் பார்ப்போம். மாதம் 50 ரூபாய் வீதம் பத்து மாதத்திற்கு 500 ரூபாய். முப்பது பேருக்குப் பங்கிட்டால், ஒருவருக்குக் கற்பிக்கும் ஊதியம் 17 ரூபாய்க்கும் குறைவு. இவ்வளவு சிறு தொகையிலும் மையங்கள் நடந்தன என்றால், ஊரில் பிறர்க்கு எழுத்துக் கற்பிக்க விரும்பிய இளைஞரும் பெண்டிரும் இருந்தனர் என்பதே காரணம்.

இம்முறையின் நன்மை யாதெனில், சொல்லிக்கொடுப்பவர்க்கு எவரையும் விலக்க வேண்டிய தேவை இல்லை. மெதுவாகக் கற்பவர் வந்தாலும் விரைவாகக் கற்பவர் வந்தாலும் மானியம் ஒன்றே. இதன் குறை யாதெனில், வருகைப் பதிவேடு நிரம்பியிருந்தால் போதும் என்ற எண்ணம் எளிதில் தலையெடுத்துவிடும். விளக்கு எரிந்ததா, பாய் விரித்ததா என்பன பதிவேட்டில் இருக்கும்; எழுத்து மனத்தில் நின்றதா என்பது இராது.

இன்னொரு குறையும் உண்டு. மையத்தின் உயிர் அரசாணையின் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும். 1980-ல் ஆட்சி மாறியது. அவ்வாண்டிலேயே டி. எஸ். கோத்தாரி தலைமையிலான மறுஆய்வுக் குழு, திட்டம் தொடர வேண்டும் என்றே பரிந்துரைத்தது. எனினும் தொடக்க காலத்து வேகம் திரும்பவில்லை. பத்துக் கோடி என்ற இலக்கு எட்டப்படாமலே போயிற்று.

இரண்டாம் வழி: இயக்கத்திற்கு நிதி

1988 மே 5 ஆம் நாள் தேசிய எழுத்தறிவு இயக்கம் தோன்றியது. அடுத்த ஆண்டிலேயே கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் மக்கள் புதிய வழி ஒன்றைக் காட்டினர். மாவட்ட ஆட்சியர் தலைமை தாங்க, கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்றனர். 1990 பிப்ரவரி 4 ஆம் நாள், நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக எர்ணாகுளம் அறிவிக்கப்பட்டது. 1991 ஏப்ரலில் கேரள மாநிலம் முழுவதுமே அந்நிலையை எய்தியதாக அறிவித்தது.

இந்த வழியில் பணம் மையத்திற்கு வரவில்லை. மாவட்ட எழுத்தறிவுக் குழு என்ற பெயரில் பதிவு பெற்ற ஒரு சங்கத்திற்கு வந்தது. மைய அரசு இரு பங்கும் மாநில அரசு ஒரு பங்கும் கொடுத்தன. சொல்லிக்கொடுத்தவர்கள் ஊதியமில்லாத் தொண்டர்கள். பணம் புத்தகத்திற்கும், பயிற்சிக்கும், கலைப் பயணங்களுக்கும் செலவாயிற்று.

நம் மாநிலத்தில் இதன் சிறப்பைப் புதுக்கோட்டை மாவட்டம் உணர்த்தியது. 1991-92 ஆம் ஆண்டுகளில் ஷீலா ராணி சுங்கத் அங்கு ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைப் படிக்கவும் எழுதவும் மட்டுமன்றி மிதிவண்டி ஓட்டவும் பழக்கியது. பேருந்துக்குக் காத்திராமல் வேலைக்கும் சந்தைக்கும் வகுப்புக்கும் தாமே செல்லும் உரிமையை அம்மிதிவண்டி அவர்களுக்குத் தந்தது. கல் உடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கல்குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினர். எழுத்தும் எண்ணும் கற்ற பின்னர், தம் உழைப்பின் கணக்கைத் தாமே பார்க்கும் துணிவு அவர்களுக்கு வந்தது. ஊதியம் கொடுத்து வாங்க இயலாத ஊக்கம் அது.

ஆயின் இயக்கம் வெள்ளம் போன்றது. வெள்ளம் வடிந்த பிறகு குளத்தில் எவ்வளவு நீர் தேங்கியது என்பதே கேள்வி. முதற்கட்டத்திற்கு நிதி ஒருசேர வந்தது. அடுத்த கட்டமான தொடர்கல்விக்குத் திட்டம் எழுதி, ஒப்புதல் பெற்று, பணம் வந்து சேர்வதற்குப் பல இடங்களில் காலம் கடந்துவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் படிப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் கற்றதை மறந்தனர். இயக்கங்களை ஆராய்ந்த அருண் கோஷ் குழு 1994-ல் இவ்வாறு பின்வாங்கும் அபாயத்தைச் சுட்டிக்காட்டியது. எழுத்து புதிதாகக் கற்றவருக்கு ஓராண்டு இடைவெளி என்பது, அச்சில் ஏற்றிய பாவை ஊடை ஓட்டாமல் மழைக்காலத்தில் விட்டுவைப்பதற்கு ஒப்பாகும்.

இருப்பினும் இயக்கத்தின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1991 மக்கட் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 52.21 ஆக இருந்த நாட்டின் எழுத்தறிவு, 2001-ல் 64.84 ஆக உயர்ந்தது. பள்ளிக் கல்வியின் பரவலும் இதற்குக் காரணமே. ஆயினும் இயக்கத்தின் பங்கும் அதில் உண்டு.

ஊக்குநர் வந்ததும் சென்றதும்

தொடர்கல்வி இல்லாத குறையைப் போக்கும் நோக்குடன், 2009 செப்டம்பர் 8 ஆம் நாள் சாக்ஷர் பாரத் திட்டம் தொடங்கியது. ஏழு கோடிப் பேர் இலக்கு. அவர்களுள் ஆறு கோடிப் பேர் பெண்கள். 2001 கணக்கெடுப்பின்படி பெண்கள் எழுத்தறிவு நூற்றுக்கு ஐம்பதோ அதற்குக் குறைவோ ஆக இருந்த மாவட்டங்கள் முதன்மையாகத் தெரிந்தெடுக்கப்பட்டன. ஊராட்சிதோறும் ஒரு மக்கள் கல்வி மையம். அதில் இரண்டு ஊக்குநர். ஒவ்வொருவருக்கும் மாதம் 2,000 ரூபாய்.

நமது அம்மையார் பயின்றது இத்தகைய மையத்தில்தான். இத்திட்டம் 2018 மார்ச்சு 31 ஆம் நாள் முடிவுற்றது. அதற்கு அடுத்த நாளே தொடங்குவதற்கு அதனையொத்த வேறு திட்டம் ஆயத்தமாக இல்லை. ஊக்குநர்கள் வேறு வேலை தேடிச் சென்றனர். கரும்பலகை அறையில் இருந்தது, அறை பூட்டப்பட்டது.

நான்காண்டுகளுக்குப் பின், 2022 ஏப்ரலில் தொடங்கி 2027 மார்ச்சு வரை நடைபெறுமாறு, புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இதன் மொத்த மதிப்பீடு 1,037.90 கோடி ரூபாய். மைய அரசின் பங்கு 700 கோடி. மாநிலங்களின் பங்கு 337.90 கோடி. ஐந்தாண்டுகளில் 15 வயதுக்கு மேற்பட்ட ஐந்து கோடிப் பேருக்கு எழுத்தறிவு தருவது நோக்கம். 'முதியோர் கல்வி' என்ற பெயருக்கு மாற்றாக 'அனைவருக்கும் கல்வி' என்ற பெயர் கொள்ளப்பட்டது. பள்ளியே அலகு, கற்பிப்போர் ஊதியமில்லாத் தன்னார்வலர்.

மீண்டும் கணக்குப் போடுவோம். 1,037.90 கோடியை ஐந்து கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ 208 ரூபாய். பழைய திட்டத்தில் ஓர் ஊராட்சியின் இரு ஊக்குநருக்கு மட்டும் ஆண்டுக்கு 48,000 ரூபாய் தேவைப்பட்டது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மாற்றத்தின் தன்மை விளங்கும். ஊரிலே நிலையாக அமர்ந்து, யார் வந்தார், யார் வரவில்லை என்று தேடிச் செல்லும் ஓர் ஆளுக்குத் தரும் ஊதியம் நிதியிலிருந்து நீங்கிவிட்டது. தன்னார்வலரின் அன்பு பெரிது. ஆயினும் அவர் மாணவராயின் தேர்வுக் காலத்தில் வர இயலாது. வேலை கிடைத்தால் ஊரைவிட்டுச் செல்வார். அவரைக் குறை கூறுதல் தகாது. திட்டம் அவர்மீது அளவிற்கு மீறிய பாரத்தை வைத்திருக்கிறது என்பதே நாம் கவனிக்கற்பாலது.

மூன்றாம் வழி: விளைவுக்குப் பணம்

எழுத்தறிவுக்கான செலவு இவ்வாறு சுருங்க, தொழிற்பயிற்சிக்கான செலவு பெருகியது. 2015 ஜூலை 15 ஆம் நாள் பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 2016 முதல் 2020 வரையிலான அதன் இரண்டாம் கட்டத்திற்கு 12,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. ஒரு கோடிப் பேருக்குப் பயிற்சி என்பது குறி.

அதில் பயிற்சி நிறுவனத்திற்குப் பணம் மூன்று தவணைகளில் வந்தது. பயிற்சி தொடங்கியதும் நூற்றுக்கு 30. பயின்றவர் தேர்வில் தேறிச் சான்றிதழ் பெற்றபின் 50. வேலையில் அமர்ந்தது உறுதியானபின் 20. வகுப்பு நடத்தினால் மட்டும் போதாது, பயன் விளைய வேண்டும் என்னும் கருத்து இதன் அடிப்படை. மக்கள் வரிப்பணத்தைக் காக்கும் நோக்கில் இது நியாயமானதே.

ஆனால் சிறிய பயிற்சிக் கூடத்தின் நிலையிலிருந்து இதனைப் பார்ப்போம். விளக்கத்திற்காகத் தலைக்கு 10,000 ரூபாய் கட்டணம் என்றும், முப்பது பேர் வகுப்பில் சேர்ந்தனர் என்றும் கொள்வோம். மொத்தம் 3,00,000 ரூபாய். தொடக்கத்தில் கைக்கு வருவது 90,000. வாடகை, தறி, நூல், ஆசிரியர் சம்பளம் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். ஆறு பேர் இடையில் நின்றுவிட்டனர். இருபத்து நால்வர் தேறினர். பன்னிருவருக்கு வேலை கிடைத்தது என்றால், இரண்டாம் தவணை 1,20,000. மூன்றாம் தவணை 24,000. ஆக மொத்தம் 2,34,000. எதிர்பார்த்ததில் 66,000 ரூபாய் குறைவு. செலவோ குறையவில்லை.

அடுத்த முறை அக்கூடத்தார் எவ்வாறு சிந்திப்பர்? எவர் இடையில் நிற்பார், எவருக்கு வேலைச் சான்று கிடைக்காது என்று முன்னரே கணக்கிடுவர். கைக்குழந்தையுடன் வருபவர், தொலைவில் இருந்து நடந்து வருபவர், நடவுக் காலத்தில் வகுப்புக்கு வர இயலாதவர், பயிற்சி முடிந்ததும் தம் வீட்டுத் தறிக்கே திரும்புகிறவர் ஆகியோரைச் சேர்க்கத் தயங்குவர். எவரும் தீய எண்ணத்தால் இதைச் செய்வதில்லை. கணக்கு அவ்வழியில் தள்ளுகிறது. யாருக்குக் கல்வி மிகத் தேவையோ, அவரே நட்டக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்.

வேலை கிடைத்தது என்பதற்குச் சான்று எது? ஆலையில் சேர்ந்தவருக்குச் சம்பளச் சீட்டு உண்டு. தம் தறியில் புதிய புட்டா போடக் கற்று, கூலியைக் கூட்டிக்கொண்ட நெசவாளருக்கு எந்தச் சீட்டு உண்டு? சொட்டுநீர்க் குழாய் அமைக்கக் கற்றுத் தம் தோட்டத்தில் நீரை மிச்சப்படுத்திய உழவருக்கு வேலை ஆணை யார் தருவார்? கூலிக்கு அமர்தலையே விளைவு என்று கொள்ளும் ஏற்பாடு, சொந்தத் தொழில் புரிவோரை ஓரத்தில் நிறுத்திவிடுகிறது.

ஜவுளித் துறைக்கென 2017 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற சமர்த் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1,300 கோடி ரூபாய் மதிப்பீட்டில் பத்து லட்சம் பேருக்குப் பயிற்சி என்பது அதன் தொடக்கக் குறி. அவர்களுள் ஒன்பது லட்சம் அமைப்புசார் தொழிலுக்கு. கைத்தறி, கைவினை, பட்டு, சணல் முதலிய மரபுத் தொழில்கள் அனைத்திற்கும் சேர்த்து ஒரு லட்சம். தையற்கூடத்தில் ஆள் அமர்த்துவது எண்ணுவதற்கு எளிது. தறிக்குழியில் அமர்ந்திருப்பவரின் முன்னேற்றத்தை எண்ணுவது கடினம். எண்ணுவதற்கு எளியதன் பக்கமே பணம் சாய்கிறது.

திறன் திட்டத்தின் நான்காம் கட்டத்தில், வேலையில் அமர்த்துவதோடு பணத்தைப் பிணைத்த முறை கைவிடப்பட்டது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் தலைவரின் அறிக்கை, முந்தைய கட்டங்களின் பதிவுகளை ஆராய்ந்து, மிகப் பெரும்பாலானவற்றில் பயின்றவரின் வங்கிக் கணக்கு விவரம் இல்லை அல்லது செல்லத்தக்கதாக இல்லை என்று கண்டது. விளைவுக்குப் பணம் என்ற முறையிலும், விளைவைக் கண்ணால் கண்டு எழுதுபவர் இல்லையேல், பதிவேடே விளைவாகிவிடுகிறது.

தொழிலாளர் கல்விக்காக 1967-ல் பம்பாயில் தொடங்கிய தொழிலாளர் கல்விக்கூடத்தின் வழிவந்த மக்கள் கல்வி நிறுவனங்களும் இவ்வோட்டத்தில் இடம் மாறின. 2018 ஜூலையில் அவை கல்வித் துறையிடமிருந்து திறன் மேம்பாட்டுத் துறைக்கு மாற்றப்பட்டன. 2025 பிப்ரவரியில் ஏனைய திறன் திட்டங்களோடு ஒரே தொகுப்பில் இணைக்கப்பட்டன. கல்வி என்று தொடங்கியது திறன் என்று முடிந்திருக்கிறது.

நான்காம் வழி: கற்பவர் கையில் பணம்

நிறுவனத்திற்குத் தருவதால்தானே இத்தொல்லை, கற்பவரிடமே தந்துவிட்டால் அவர் நல்ல பள்ளியைத் தேர்ந்துகொள்வார் அல்லவா என்று நம்மிற் சிலர் கேட்கக்கூடும். பிற நாடுகள் இதனைச் செய்து பார்த்துள்ளன.

இங்கிலாந்தில் 2000 செப்டம்பரில் தனிநபர் கற்றல் கணக்கு என்னும் திட்டம் வந்தது. வயது வந்த எவரும் கணக்குத் தொடங்கலாம். முதல் பத்து லட்சம் பேருக்கு அரசு தலைக்கு 150 பவுண்டு வரை தரும். கற்பவர் தம் பங்காக 25 பவுண்டு இட்டால் போதும். யார் வேண்டுமானாலும் கற்பிக்க முன்வரலாம். கற்பிப்பவரின் தகுதியைச் சோதிக்கும் ஏற்பாடு போதிய அளவில் இல்லை. இருபத்தைந்து லட்சத்திற்கு மேற்பட்ட கணக்குகள் தொடங்கப்பட்டன. கற்பவருக்குத் தெரியாமலே அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்ட செய்திகள் வந்தன. 2001 நவம்பர் 23 ஆம் நாள் திட்டமே மூடப்பட்டது. மோசடியாலும் முறைகேட்டாலும் போன தொகை 9.7 கோடி பவுண்டு வரை இருக்கலாம் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2002-ல் மதிப்பிட்டது. திடீரென மூடியதால் நேர்மையாக வகுப்பு நடத்திய சிறு கூடங்களும் நட்டமடைந்தன.

ஆஸ்திரேலியாவில் தொழிற்கல்விக் கட்டணத்திற்கு மாணவர் பெயரில் அரசு கடன் தரும் முறை 2009 முதல் நடைமுறையில் இருந்தது. 2012-ல் விதிகள் தளர்த்தப்பட்டன. 2009-ல் 2.6 கோடி டாலராக இருந்த ஆண்டுக் கடன், 2015-ல் 290 கோடி டாலர் ஆயிற்று. தரகர்கள் வீடு வீடாகச் சென்று, மடிக்கணினி இலவசம் என்று சொல்லிக் கையொப்பம் பெற்றனர். கடன் என்பதே அறியாமல் கையெழுத்திட்டவர்களுள் பழங்குடி மக்களும் அறிவு வளர்ச்சிக் குறையுடையோரும் இருந்தனர். 2016 இறுதியில் அம்முறை நிறுத்தப்பட்டு, கடுமையான விதிகளுடன் வேறு கடன் முறை 2017-ல் வந்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? படிக்க இயலாதவருக்கே படிப்பு வேண்டியிருக்கிறது. எழுதிய ஒப்பந்தத்தைப் படிக்க இயலாதவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, நல்லதைத் தேர்ந்துகொள் என்று சொல்வது, தராசு அறியாதவரைத் தனியே மண்டிக்கு அனுப்புவது போன்றதாகும்.

தொகுத்துக் காண்பவை

நான்கு வழிகளையும் ஒருங்கே நோக்கினால் மூன்று உண்மைகள் தெளிவாகின்றன.

முதலாவது: பணம் எந்த வேளையில் வருகிறதோ, அந்த வேளையே வாயிலில் யார் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. தொடக்கத்தில் வந்தால் எல்லோரும் நுழையலாம். இறுதியில் வந்தால், தேறுவார் என்று தோன்றுபவரே நுழைவர்.

இரண்டாவது: எம்முறையைக் காட்டிலும் இடைவெளியே பெருந்தீங்கு செய்தது. 1980-லும், இயக்கத்திற்குப் பிந்திய ஆண்டுகளிலும், 2018-லும் நேர்ந்த இழப்பு, திட்டம் தீயதாக இருந்ததால் நேர்ந்ததன்று. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதற்கு இடையில் வகுப்பைத் தாங்குவார் இல்லாமையால் நேர்ந்தது.

மூன்றாவது: ஊரிலே நிலையாக இருந்து கற்பிக்கும் ஓர் ஆளின் ஊதியமே முதலில் வெட்டப்படும் செலவு, அதுவே முதலில் காக்கப்பட வேண்டிய செலவு.

நமது சங்கம் செய்யக்கூடியது

முதியோர்க்குக் கல்வி தருவது அரசின் கடமை. அக்கடமையை நாம் ஏற்றுக்கொண்டு அரசை விடுவிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுப் பெறுவோம். ஆயினும் இடைவெளியைத் தாங்கும் வலிமை நம்மிடம் இருத்தல் வேண்டும்.

இது கூட்டுறவுக்குப் புதியதன்று. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூடி முதற் கடை திறந்தவர்களுள் கம்பளி நெசவாளர் பலர் இருந்தனர். அடுத்த பத்தாண்டுகளுக்குள்ளாகவே அவர்கள் தம் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, படிப்பகமும் நூலகமும் நடத்தினர். அன்று அந்நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளிகூட இல்லை. நமது சட்டங்களிலும் நிகர இலாபத்தில் ஒரு பங்கைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்கு அளிக்கும் விதி உண்டு. அந்நிதிக்குச் செலுத்துவதோடு நம் கடமை முடிந்தது என்று கொள்ளாமல், ஊர் வகுப்புக்கென ஒரு சிறு நிதியை நாமே வைத்துக்கொள்ள இயலும்.

ஒரு கணக்கு: இருநூறு உறுப்பினர் உள்ள சங்கத்தில் ஒருவர் மாதம் பத்து ரூபாய் ஒதுக்கினால், மாதம் 2,000 ரூபாய், ஆண்டுக்கு 24,000. சாக்ஷர் பாரத் திட்டத்தில் ஓர் ஊக்குநருக்கு அரசு தந்த மதிப்பூதியம் இதுவே. அத்தொகை அன்றே போதாதது. இன்று இன்னும் போதாது. இருபது ரூபாயாக்கினாலும் ஒரு வேளைத் தேநீர்ச் செலவை மிஞ்சாது. அரசுத் திட்டம் வரும்போது இந்நிதியைச் சேர்த்துவைப்போம். திட்டம் நிற்கும்போது எடுத்துச் செலவிடுவோம். குளத்தில் நீர் வைத்திருப்பவர் வாய்க்கால் முறை வரும்வரை பயிரைக் காப்பது போல, இந்நிதி வகுப்பைக் காக்கும்.

அடுத்து, எந்தப் பயிற்சித் திட்டம் நம் ஊருக்கு வந்தாலும், கையொப்பமிடுவதற்கு முன் நிர்வாகக் குழு சில வினாக்களை எழுப்ப வேண்டும். பணம் எந்தெந்தத் தவணையில் வரும்? இடையில் நின்றவர் பொருட்டு யார் நட்டம் ஏற்பது? வீட்டுத் தறியில் நெய்வோரையும் சொந்த நிலத்தில் உழுவோரையும் வேலை பெற்றவராகக் கணக்கிடுவார்களா? பயில்பவர் பெயரில் கடன் ஏதும் எழுதப்படுமா? தேய்ந்த விரலின் ரேகை கருவியில் பதியாவிட்டால் வருகைக்கு மாற்றுச் சான்று உண்டா? திட்டம் முடிந்தபின் கருவிகளும் நூல்களும் யாரிடம் இருக்கும்? இவற்றிற்குத் தெளிவான விடை எழுத்தில் பெற்ற பின்னரே இசைதல் நலம்.

இறுதியாக, அந்த அம்மையாருக்கு நாம் சொன்ன விடை இது: "நீங்கள் படிக்காததால் பள்ளி நிற்கவில்லை, அம்மா. பணம் வந்த வழி அடைபட்டது, அதனால் நின்றது." அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்ப மீதி ஒன்பது வரிசைக்கு எவ்வளவு பணம் ஆகும்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு அடுத்த பொதுக்குழுவைச் சார்ந்தது.

படிப்பு வட்டத்தில் உரையாடுவதற்குரிய வினாக்கள்

1. நமது ஊரில் கடந்த நாற்பதாண்டுகளில் நடந்த முதியோர் வகுப்புகள் எவை? ஒவ்வொன்றும் எப்போது, எதனால் நின்றது?

2. மையத்திற்கு மானியம், விளைவுக்குப் பணம் ஆகிய இருமுறைகளின் நன்மை தீமைகளை நமது கூலி முறையோடு ஒப்பிட்டு விளக்குக.

3. நெசவாளர் அல்லது உழவர் ஒருவர் பயிற்சியால் பெற்ற பயனை, சம்பளச் சீட்டு இல்லாமலே நம்பத்தகுந்த முறையில் காட்டுவது எப்படி? சங்கத்தின் எந்தப் பதிவேடுகள் இதற்கு உதவும்?

4. நமது சங்க உறுப்பினருள் நூல் சிட்டையையும் கடன் பத்திரத்தையும் தாமே படித்தறிய இயலாதவர் எத்தனை பேர்? அவர்களுக்கென ஓராண்டு வகுப்பு நடத்த ஆகும் செலவைக் கணக்கிட்டு, அடுத்த கூட்டத்தில் வைக்க.